ஊசியில் குறையில்லை

அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் சண்டை உண்டு. பயப்பட வேண்டியதில்லை, சண்டை ஒரு டர்ன்டேபிளைப் பற்றியது.

டர்ன்டேபிள் மாஸ்டருடையது. ஆஃப்செட் அச்சகத்தில் பெரிய மிஷினை ஓட்டுபவர் அவர். அங்கே முதலாளி முதல் வாட்ச்மேன் வரை மாஸ்டர் என்றே கூப்பிட்டதால் தெருவிலும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. கல்யாணத்துக்கு முன்பே, யாரோ வீட்டைக் காலி செய்தபோது அவர் வாங்கி வந்த, இசைத்தட்டு ஓட்டும் பழைய டர்ன்டேபிள். தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் கனம். வெள்ளி நிறத்தில் சுழலும் தட்டு. அதன் விளிம்பைச் சுற்றிப் பொடிப் புள்ளிகள். வேகம் சரியாக இருந்தால், தட்டு சுற்றும்போதும் அந்தப் புள்ளிகள் ஓரத்தில் எரியும் ஆரஞ்சு விளக்கின் முன்னால் அசையாமல் நிற்பது போலத் தெரியும். மேலே மஞ்சள் பூத்துப்போன பிளாஸ்டிக் மூடி.

இதைப் பற்றி மூன்று பேருக்கு மூன்று கட்சி.

எதிர்வீட்டு மாடியில் கிளினிக் வைத்திருந்த பல் டாக்டர், கை வைக்காதே கட்சி. செய்தவன் எப்படிச் செய்தானோ அப்படியே இருக்க வேண்டும், மூடியில் ஏறிய மஞ்சளைக்கூடத் துடைக்கக் கூடாது என்பார். மாஸ்டரின் மைத்துனன் மரச்சாமான் பட்டறை வைத்திருந்தான். அவன் அழகுக் கட்சி. சாயம் போன அந்தக் கறுப்பு அடிப்பெட்டியைக் கழற்றி வீசிவிட்டு, நல்ல மரத்தில் ஒன்று செய்து அதில் உட்கார வைத்தால் கண்ணே பட்டுவிடும் என்பது அவன் வாதம். மாஸ்டருக்கு இரண்டும் பொருட்டில்லை. அவருக்குச் சத்தம்தான் எல்லாம்.

"பாக்க லட்சணமா இருந்தா பாட்டு நல்லா வந்துடுமா மாப்ளே?"

"வராது அத்தான். ஆனா பாட்டு ஓடும்போது நீங்க எதைப் பாத்துட்டு உக்காந்திருக்கீங்க? இதைத்தானே? அது ஏன் சவப்பெட்டி மாதிரி இருக்கணும்?"

"என்கிட்டயும் இப்படித்தான் வராங்க," என்பார் பல் டாக்டர். "பல்லு கல்லு மாதிரி இருக்கும். அதைக் காட்டி, இன்னும் வெள்ளையாக்குங்க டாக்டர்னு நிப்பாங்க. ஒழுங்கா வேலை செய்யறதை நோண்டக் கூடாதுங்க."

மாஸ்டரின் மனைவி எந்தக் கட்சியிலும் இல்லை. வாரம் முழுக்க மருந்துக்கடையில் நின்றபடியே வேலை பார்ப்பவளுக்கு, ஞாயிறன்று நாற்காலியில் சாய்ந்து பாட்டுக் கேட்டால் போதும். மூவரும் கத்தி ஓய்ந்த பிறகு, "இப்பவாவது ஊசியை வைப்பீங்களா?" என்று மட்டும் கேட்பாள்.

சில காலமாக மாஸ்டருக்கு ஒரு குறை. சத்தம் மங்கிவிட்டது என்றார். "போர்வை போத்திட்டுப் பாடுற மாதிரி இருக்கு. வயலின்ல அந்தக் கூர்மையே இல்ல." முதலில் ஊசியை மாற்றினார். பிறகு ஊசி பொருந்தும் கார்ட்ரிட்ஜையே மாற்றினார். ரப்பர் விரிப்பை எடுத்துவிட்டுத் தக்கை விரிப்புப் போட்டார். ஸ்பீக்கருக்குப் போகும் ஒயர்களை மாற்றினார். ஒவ்வொரு தடவையும் இரண்டு நாள் முகம் மலர்ந்திருக்கும். மூன்றாம் நாள், "இல்ல, இதுவும் சரியில்ல" என்று மூடியை மூடிவிடுவார். ஆம்ப்ளிபயரில் ட்ரெபிளை, அதாவது கூர்மையான மேல் ஒலிகளை, கூட்டும் பட்டன் இருக்கத்தான் செய்தது. அதைத் தொடுவது அவர் மதத்தில் பாவம். பாட்டைப் பதிவு செய்தவன் எந்த அளவில் வைத்தானோ அந்த அளவில்தான் கேட்க வேண்டும் என்பார்.

இந்தச் சமயத்தில் மைத்துனன் ஒருநாள் வேனில் புது அடிப்பெட்டியோடு வந்து இறங்கினான். தேன் நிறத்தில், விளிம்பெல்லாம் வழுவழுவென்று இழைத்த மரம். மாஸ்டர் திகைத்துப் போனார்.

"யாரைக் கேட்டு செஞ்சே?"

"அக்காவைத்தான் கேக்கச் சொன்னேன். அத்தான் தலையாட்டிட்டார்னு சொன்னா."

மாஸ்டர் மனைவியைப் பார்த்தார். அவள், "ஆமா, ஆட்டினீங்களே" என்றாள். அவர் பழைய பெட்டியைக் கழற்ற உட்கார்ந்தார். கனமான மரம், அதிர்வு குறையும், ஒருவேளை சத்தம் தெளியுமோ என்ற நப்பாசை. டர்ன்டேபிளை அதில் பொருத்தியதும் மைத்துனன் நான்கு பக்கமும் சுற்றிவந்து போட்டோ எடுத்தான். பல் டாக்டர் வாசல் வரை வந்து எட்டிப் பார்த்து, "கொன்னுட்டீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்பிறகு அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதில்லை.

சத்தம் தெளியவில்லை. மாஸ்டர் மூன்றாவது கார்ட்ரிட்ஜ் வாங்கினார்.

அதைப் பொருத்திய காலையில் அவர் எடுத்து வைத்தது ஒரு பெண் பாடகியின் இசைத்தட்டு. அதில் ஒரு இடம் உண்டு. வயலின் வாசித்து நிறுத்தும். பாடகி மூச்சிழுப்பதற்கு முன்னால், எங்கோ தூரத்தில் ஒரு சின்ன மணி ஒரே ஒரு தடவை ஒலிக்கும். கல்யாணமான புதிதில் அவர் மனைவியை இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே உட்கார வைத்து, ஆள்காட்டி விரலைத் தூக்கிக்கொண்டு, "இரு... இரு... இப்ப!" என்று அந்த மணியைக் காட்டியிருக்கிறார். மணியைவிட அந்த விரல்தான் அன்று அவளுக்குப் பிடித்துப் போனது.

இப்போதும் விரல் உயர்ந்தது. வயலின் நின்றது. மணி ஒலித்தது, பனித்துளி விழுவது போல அவ்வளவு சுத்தமாக. மைத்துனன் தன்னை அறியாமல், "அடடா" என்றான்.

மாஸ்டரின் விரல் அப்படியே நின்றது. பாடகி பாட ஆரம்பித்துவிட்டாள். அவர் எழுந்து ஊசியைத் தூக்கினார்.

"பாத்தியா? மணியே வரல. இந்தக் கார்ட்ரிட்ஜ் மணியைத் தின்னுடுச்சு. உனக்குக் கேட்டுச்சா?"

அவள் தம்பியைப் பார்த்தாள். தம்பி தரையைப் பார்த்தான்.

"இல்லீங்க" என்றாள்.

தம்பியை வழியனுப்பும் சாக்கில் படியிறங்கி வேன் வரைக்கும் போனாள்.

"அக்கா, உனக்குக் கேட்டுச்சுதானே?"

"நல்லாவே கேட்டுச்சு."

அவளுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. துணி துவைக்கும் மிஷின் வேலை முடிந்து பீப் பீப் என்று கத்திக்கொண்டிருக்கும். பக்கத்திலேயே அவர் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். சோம்பேறித்தனம் என்று நினைத்திருந்தாள். போனை மேஜையிலேயே அடிக்க விட்டுவிடுவதைத் திமிர் என்று நினைத்திருந்தாள். கடைக்கு வருகிற வயசாளிகள் மாத்திரையைப் பற்றி இரண்டாம் தடவை கேட்டாலே, இவருக்குக் காது மந்தம் என்று கண்டுகொண்டு குரலை உயர்த்துகிறவள் அவள். வீட்டில், "காது கேக்குதா இல்லையா?" என்று எத்தனையோ தரம் எரிந்து விழுந்திருக்கிறாள். ஒரு தடவைகூட அதைக் கேள்வியாகக் கேட்டதில்லை.

"அச்சகத்துல அந்த இரைச்சல்ல நின்னு நின்னு..." என்றான் தம்பி.

"காது மூடி கொடுத்திருக்காங்கடா. கழுத்துல மாலையா மாட்டிக்குவார். மிஷின்ல எங்க உரசுதுன்னு காதாலதான் கண்டுபிடிக்கணுமாம்."

"சொல்லிடு அக்கா."

"எப்படிடா சொல்றது? மிஷின் சத்தம் கேட்டே இன்னது கோளாறுன்னு சொல்ற மனுஷன். அவர்கிட்ட போய் உங்களுக்குக் காது போச்சுன்னா?"

அடுத்த ஞாயிறு தம்பி ஒரு வழியோடு வந்தான். உள்ளங்கையளவு ஒரு பெட்டி. உள்ளே இருந்தது ட்ரெபிளைத் தூக்கிக் கொடுக்கும் சின்ன சர்க்யூட், வேறொன்றுமில்லை. அதை மர அடிப்பெட்டிக்குள் பின்பக்கமாகப் பொருத்திவிட்டு, "சிக்னல்ல இருக்கிற அழுக்கை எடுக்குற பெட்டி அத்தான். இப்ப எல்லாரும் இதைத்தான் போடுறாங்க" என்றான். பொய் சொல்லும்போது அவன் காது மடல் சிவக்கும். மாஸ்டர் அதைக் கவனிக்கவில்லை; ஊசியின் மேலேயே கண்ணாக இருந்தார்.

வயலின் நின்றது. விரல் உயர்ந்தது.

"வந்துடுச்சு!" என்றார் மாஸ்டர். குழந்தை மாதிரி வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். "கேட்டியா? வந்துடுச்சுடி! மாப்ளே, நீ மரவேலைக்காரன் இல்லடா, மந்திரவாதி!"

அவளுக்கோ எவர்சில்வர் கரண்டி தரையில் விழுந்த மாதிரி இருந்தது. பாடகி 'ச' என்று உச்சரிக்கும்போதெல்லாம் காதுக்குள் ஊசி ஏறியது. ஆனாலும் அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு, "நல்லா இருக்குங்க" என்றாள்.

அதன்பிறகு மாஸ்டருக்கு வேறு வேலையே இல்லை. அச்சகத்திலிருந்து வந்ததும் ஒரு தட்டு, சாப்பிட்டதும் ஒரு தட்டு. வருஷக்கணக்காகத் தொடாததையெல்லாம் எடுத்துத் துடைத்து வைத்துக் கேட்டார். "இந்த இடத்துல தபலாக்குப் பின்னாடி யாரோ கையைத் தட்டுறாங்க, கவனிச்சிருக்கியா?" என்பார். அவளுக்குத் தலைவலி வந்தது. கடைசியில் கடையிலிருந்து பஞ்சு கொண்டுவந்து, சிறு சிறு உருண்டையாக உருட்டிக் காதில் வைத்துக்கொண்டாள். முடியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டால் வெளியே தெரியாது.

சந்தோஷம் தாங்காமல் மாஸ்டரே தெருவைக் கடந்து போய், கோபித்துக்கொண்டிருந்த பல் டாக்டரைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். "பெட்டியைப் பாக்காதீங்க, கண்ணை மூடிக்கிட்டுக் கேளுங்க. அப்புறம் பேசுங்க."

டாக்டர் கண்ணை மூடினார். ஊசி தட்டில் இறங்கியது. பாதிப் பாட்டுகூட ஆகவில்லை.

"ஐயோ, நிறுத்துங்க!" அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "என்ன மாஸ்டர் இது? என் டிரில்லே தேவலை போலிருக்கே! ட்ரெபிளை யார் இப்படிக் கன்னாபின்னான்னு ஏத்தி வச்சது?"

"யாரும் தொடல. நேராத்தான் இருக்கு, பாருங்க" என்று மாஸ்டர் சிரித்தபடியே பட்டனைக் காட்டினார். "நீங்க பெட்டி மேல இருக்கிற கோவத்துல பேசுறீங்க. இவளைக் கேளுங்க. தினமும் கேக்குறா."

அவள் அப்போதுதான் டீ கொண்டுவந்து குனிந்து டாக்டருக்கு நீட்டிக்கொண்டிருந்தாள். முடி ஒரு பக்கமாகச் சரிந்தது. அவள் காதில் இருந்த வெள்ளைப் பஞ்சு மாஸ்டரின் கண்ணுக்கு நேராக இருந்தது.

அவர் அதையே பார்த்தார். பிறகு ஓரமாக நின்றிருந்த மைத்துனனைப் பார்த்தார். அவன் காது மடல்கள் செக்கச்செவேல் என்றிருந்தன. டர்ன்டேபிளை நிறுத்தி, மர அடிப்பெட்டியின் பின்பக்கம் கையை விட்டு, அந்தச் சின்னப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினார். மறுபடி ஊசியை வைத்தார். அறையில் மற்ற மூவருக்கும் பாட்டு இதமாக, அழகாக ஓடியது. வயலின் நின்றது. இந்தத் தடவை அவர் விரலைத் தூக்கவில்லை. டாக்டரின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் டாக்டரின் புருவம் லேசாக அசைந்தது.

"இப்ப மணி அடிச்சுது, இல்ல?" என்று கேட்டார்.

"அடிச்சுது மாஸ்டர்" என்றார் டாக்டர், மெதுவாக.

அன்றும் மறுநாளும் அவர் டர்ன்டேபிள் பக்கமே போகவில்லை. வேலைக்குப் போனார், வந்தார், தட்டில் போட்டதைச் சாப்பிட்டார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் தானாகவே போய் எதிரில் உட்கார்ந்தாள்.

"தப்புதாங்க. உங்களை ஏமாத்தணும்னு செய்யல."

"காது போனது பெரிசில்ல" என்றார் அவர். "என் அச்சகத்துல பாதிப் பேருக்குக் காது மந்தம்தான். ஆனா என் வீட்ல, என் பக்கத்துல உக்காந்துக்கிட்டு, நீயும் உன் தம்பியும் வேற ஒரு பாட்டு கேட்டுட்டு இருந்திருக்கீங்க. நான் மட்டும் தனியா ஆடிட்டு இருந்திருக்கேன்."

"மணி கேட்டப்ப உங்க மூஞ்சி இருந்துச்சே, அதைப் பாத்த பிறகு எனக்கு வாய் வரலைங்க" என்றாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "நானும்தான் தனியா இருந்தேன். காதுல பஞ்சை வச்சுக்கிட்டு நல்லாருக்கு நல்லாருக்குன்னு."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"நானும் ஒண்ணு சொல்லணும். நீ அடுப்படியிலிருந்து பேசுறது எனக்குச் சரியாக் கேட்டு ரொம்ப நாளாச்சு. திரும்பத் திரும்பக் கேட்டா நீ எரிஞ்சு விழுவே. அதனால தலையாட்டிடுவேன்."

அவள் கண்ணைத் துடைப்பதை நிறுத்தினாள். "அப்ப மரப்பெட்டிக்குத் தலையாட்டினது?"

"கேக்கல."

"எங்க அத்தை மக பொண்ணு கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னாடியே போயிடலாம்னு சொன்னதுக்கு?"

"டிக்கெட்டைக் கையில கொடுத்தப்பதான் தெரிஞ்சுது."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து புரை ஏறியது. அவரே எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "அந்தக் கல்யாணத்துல நாலு நாளும் யார் என்ன பேசினாலும் தலையாட்டியே ஓட்டினேன். உங்க சித்தப்பா என்னை ரொம்ப நல்ல மனுஷன்னு சொன்னாராமே" என்றார்.

அந்த வாரமே காது பரிசோதனைக்குப் போனார்கள். ஆடியாலஜிஸ்ட் ஓர் இளம்பெண். மாஸ்டரைச் சின்னக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, தலையில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தாள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். மனைவி வெளியே இருந்து பார்த்தாள். தடித்த ஒலிகளுக்கு அவர் விரல் டக் டக்கென்று அழுத்தியது. ஒலி மேலே ஏற ஏற, அந்தப் பெண்ணின் மேஜையில் சத்தம் போகிறது என்று காட்டும் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. உள்ளே அவர் தலையைச் சாய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அழுத்தாத விரலோடு காத்திருந்தார். அவளுக்கு அந்த அறைக்குள் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

இனி அந்தக் காது திரும்ப வராது என்றாள் அந்தப் பெண். ஆனால் மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம். அச்சகத்தில் காது மூடியைக் காதில்தான் மாட்ட வேண்டும். கேட்காத பகுதிக்கு மட்டும் ஒலியைத் தூக்கிக் கொடுக்கும் கருவி இருக்கிறது.

"அப்ப மாப்ளே செஞ்சதும் அதைத்தானே?" என்றார் மாஸ்டர்.

கூட வந்திருந்த மைத்துனன் நெளிந்தான். "அதேதான் அத்தான். என்ன, நான் ஊர் காதுக்கெல்லாம் சேத்து ஏத்திட்டேன்."

அந்தப் பெண் தோல் நிறத்தில் ஒரு கருவியைக் காட்டினாள். காதுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், யாருக்கும் தெரியாது என்றாள். அழகுக் கட்சிக்கு அது பிடித்துப் போனது. மாஸ்டர் பக்கத்திலிருந்த பளபளவென்ற வெள்ளி நிறக் கருவியை எடுத்தார்.

"இது பளிச்சுனு தெரியுமே அத்தான்?"

"தெரியட்டும். ஒளிச்சு வச்ச பெட்டி ஒண்ணு போதும்டா."

மாட்டிக்கொண்டு வெளியே வந்ததும் அவர் தெருவில் நின்றுவிட்டார். செருப்பு தரையில் உரசுவது கேட்டது. மனைவியின் கைப்பையின் ஜிப் கேட்டது. வீட்டில் பேப்பரைப் புரட்டினால் அப்பளத்தை நொறுக்கும் சத்தம் வந்தது. பேச்செல்லாம் தெளிவாக இருந்தது. அடுப்படியிலிருந்து அவள் முணுமுணுத்ததற்குக்கூட ஒருநாள் பதில் சொல்லிவிட்டார். அவள் இனிமேல் முணுமுணுப்பதைக் குறைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஆனால் பாட்டு மட்டும் தகர டப்பாவுக்குள் வைத்துப் பாடுவது போல இருந்தது. வயலின் நீட்டி வாசித்தால் நடுங்கியது. கருவியைக் கழற்றினால் போர்வை, மாட்டினால் தகரம்.

"திரும்பப் போய் சொல்லுங்க, சரி பண்ணுவாங்க" என்றாள் மனைவி.

"வாயால சொன்னா அந்தப் பொண்ணுக்கு எப்படிப் புரியும்? கேட்டாத்தானே புரியும்."

அதனால் ஒரு சனிக்கிழமை காலை, டர்ன்டேபிளையும் ஆம்ப்ளிபயரையும் ஸ்பீக்கர்களையும் போர்வையில் சுற்றி மைத்துனனின் வேனில் ஏற்றிக்கொண்டு காது கிளினிக்குக்குப் போனார்கள். பல் டாக்டரும் தன் கிளினிக்கைப் பூட்டிக்கொண்டு கூடவே வந்து ஏறினார். "வழியில அதை இடிச்சுக் கிடிச்சு வச்சீங்கன்னா?" என்று, டர்ன்டேபிளை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

ஆடியாலஜிஸ்ட் பெண் முதலில் மிரண்டுதான் போனாள். பிறகு மேஜையை ஒதுக்கிக் கொடுத்தாள். கருவியைத் தன் கம்ப்யூட்டரோடு இணைத்து, இசைக்கென்று தனியாக ஒரு அளவு வைக்கலாம் என்றாள். பேச்சைக் கூர்மையாக்கும் வேலையை அந்த அளவில் நிறுத்திவிடலாமாம். மாஸ்டர் பாட்டைப் போட்டார். அவள் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள்.

"இப்ப நடுங்குதா சார்?"

"நடுங்கல. ஆனா மேல கொஞ்சம் குறைங்க. ஐயோ, அவ்வளவு இல்ல. பாதி."

"நடுவுல கொஞ்சம் சதை வேணும்" என்றார் டாக்டர், தன் காதுக்குள்ளேயே எல்லாம் நடப்பது போல. "பாடுறவங்க மார்பிலிருந்து பாடுறது தெரியணும்மா."

"சார், கருவி அவருக்குத்தான்."

"இதைவிட நல்ல மாடல் இருக்குதா?" என்று கேட்டான் மைத்துனன். "அப்கிரேட் பண்ற மாதிரி?"

"மாப்ளே, வாயை மூடு."

"எதுக்கு அப்கிரேட்? இருக்கிறதை ஒழுங்கா வச்சா போதாதா?" டாக்டர் ஆரம்பித்துவிட்டார். மாஸ்டர் அவர் பக்கம் திரும்பினார். மூன்று பேரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். அந்தப் பெண் தலையில் கை வைத்துக்கொண்டு, "யாராவது ஒருத்தர் மட்டும் சொல்லுங்க" என்றாள். மாஸ்டரின் மனைவி சுவரோரம் நாற்காலியில் சாய்ந்து, வழக்கம் போல யார் பக்கமும் சேராமல் உட்கார்ந்திருந்தாள். காதில் பஞ்சு இல்லை.

மெல்ல மெல்லச் சத்தம் ஓர் இடத்தில் வந்து உட்கார்ந்தது. பழையபடி இல்லை என்றார் மாஸ்டர். பழையபடி வரவே வராது என்று அந்தப் பெண் சொன்னதை அவர் மறுக்கவில்லை. "ஆனா இதோட இருந்துக்கலாம்" என்றார். கண்ணை மூடிக் கேட்டார். சண்டை தானாக அடங்கியது. பாட்டு முடிந்து, ஊசி கடைசி வளையத்தில் சரக் சரக்கென்று சுற்றியது.

அப்போதுதான் கதவுப் பக்கம் ஆட்கள் நிற்பதைப் பார்த்தார்கள். வெளியே பெஞ்சில் தங்கள் முறைக்காகக் காத்திருந்தவர்கள். எல்லாரும் வயசானவர்கள்; சிலர் காதில் கருவி, ஒருவர் கையைக் காதுக்குப் பின்னால் குவித்து வைத்திருந்தார். முன்னால் நின்ற அம்மாள், கொஞ்சம் உரத்த குரலில் கேட்டார்:

"ஏன் நிறுத்திட்டீங்க தம்பி? அந்தப் பக்கம் ஒண்ணும் இல்லையா?"

"இருக்கும்மா" என்று மாஸ்டர் தட்டைத் திருப்பிப் போட்டார்.